பதிவும் பிளேஸ்மென்ட்டும்: வேலை மாற்றிக்கொண்ட இரண்டு அலுவலகங்கள்

பூதலூரில் முதுகலை முடித்து வீட்டில் இருக்கும் ஒருவரிடம் ஊர் இரண்டு கேள்விகள் கேட்கும். பெரியவர்கள், "எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சு வெச்சிட்டியாப்பா?" என்பார்கள். கூடப் படித்தவர்கள், "காலேஜ்லயே பிளேஸ் ஆகலையா?" என்பார்கள். முதல் கேள்வியின் முகவரி கிழக்கே, தஞ்சாவூரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். இரண்டாவது கேள்விக்கு ஒரே முகவரி கிடையாது. வல்லத்தில் பெரியார் மணியம்மை, திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா, செங்கிப்பட்டியில் அரசுப் பொறியியல் கல்லூரி, துவாக்குடியில் என்.ஐ.டி. என்று தஞ்சை–திருச்சிச் சாலையை ஒட்டி வரிசையாக இருக்கும் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் செல்கள் எல்லாமே அதன் முகவரிகள்தாம்.

முதலாவதைப் பழங்காலத்தது என்றும் இரண்டாவதை இக்காலத்தது என்றும் சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஒன்றை அரசாங்கத்தின் தூசி படிந்த பேரேடு என்பார்கள். மற்றதைக் குளிரூட்டிய அறையின் கோட்டு சூட்டு என்பார்கள். அந்த எளிமையைச் சற்று ஒதுக்கிவைத்து, முதுகலை மாணவரும் ஆய்வு மாணவரும் நின்று பார்க்கும் இடத்திலிருந்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். அப்படி வைத்தால் எதிர்பாராத ஒன்று தெரிகிறது. கடந்த அரை நூற்றாண்டில் இவை இரண்டும் ஒன்றின் வேலையை மற்றொன்று எடுத்துக்கொண்டிருக்கின்றன. வேலைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த அலுவலகம் இன்று பாடம் நடத்துகிறது. பாடம் நடத்த ஏற்பட்ட கல்லூரி இன்று வேலைக்கு ஆள் அனுப்பும் பட்டியல் தயாரிக்கிறது.

பிறந்த வீடு

இரண்டின் முன்னோடிகளும் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் பிறந்தவை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தன் பட்டதாரிகளுக்குப் பணி தேடித்தர 1892-இல் ஒரு நியமனக் குழுவை அமைத்தது. கேம்பிரிட்ஜ் 1902-இல் அதே வழியில் சென்றது. தொழிலாளர்களுக்கான வேலைவாய்ப்பு அலுவலகச் சட்டம் 1909-இல் வந்தது. 1910 பிப்ரவரி 1 அன்று அந்த அலுவலகங்கள் கதவைத் திறந்தன. திட்டத்தை வகுத்தவர் வில்லியம் பெவரிட்ஜ். சட்டத்தைக் கொண்டுவந்தவர், அப்போது வர்த்தக வாரியத் தலைவராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில். பல்கலைக்கழகக் குழு கனவான் வீட்டுப் பிள்ளைகளுக்கானது. அரசு அலுவலகம் துறைமுகத்திலும் பட்டறையிலும் கூலி தேடி அலைந்தவர்களுக்கானது.

இந்தியாவுக்கு வந்தபோது இரண்டும் தத்தம் வாடிக்கையாளரை மாற்றிக்கொண்டன. வேலைவாய்ப்பு அலுவலகம் இங்கே 1945-இல், போர் முடிந்து திரும்பிய படைவீரர்களை மறுகுடியமர்த்துவதற்காகத் தொடங்கியது. பிரிவினையில் இடம்பெயர்ந்தோரும் பிறகு அதன் பொறுப்பில் சேர்ந்தார்கள். 1948 முதல் எல்லோருக்கும் திறந்தது. மொழிவழி மாநிலங்கள் பிறந்த 1956 நவம்பர் 1 அன்றே அதன் அன்றாட நிர்வாகமும் மாநிலங்களின் கைக்கு வந்தது. சிப்பாய்க்காக ஏற்பட்ட இடத்தில் பட்டதாரி வந்து வரிசையில் நின்றார். டிகிரி சான்றிதழ் வாங்கிய கையோடு அங்கே பதிவு போடுவது, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதற்கு அடுத்த கடமையாக டெல்டாவின் வீடுகளில் நிலைபெற்றது.

பிளேஸ்மென்ட் செல்லுக்கு இப்படிச் சொல்லக்கூடிய பிறந்த நாள் இல்லை. திருச்சியில் மண்டலப் பொறியியல் கல்லூரி 1964-இல் தொடங்கியபோது திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை எழுந்துகொண்டிருந்தது. பொறியாளரை நிறுவனம் தேடி வரும் காலம் அது. கல்லூரி தோறும் தனி அறை, தனி அலுவலர், தனி அறிவிப்புப் பலகை என்று அது பரவியது, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மென்பொருள் நிறுவனங்கள் மொத்தமாக ஆள் எடுக்கத் தொடங்கிய பிறகுதான். ஆக்ஸ்போர்டில் கனவான் பிள்ளைக்காக ஏற்பட்ட ஏற்பாடு, இங்கே குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த பெண்ணிடமும் பையனிடமும் வந்து சேர்ந்தது. ஒன்று கீழிருந்து மேலே ஏறி வந்தது; மற்றது மேலிருந்து கீழே இறங்கி வந்தது. இரண்டும் சந்தித்த இடம் நம் ஊர்ப் பட்டதாரியின் வீட்டுத் திண்ணை.

காத்திருப்பின் மதிப்பு

இரண்டும் ஒரே ஆளைத்தான் அளக்கின்றன. அளவுகோல்தான் தலைகீழ்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மூலதனம் காத்திருப்பு. பதிந்த தேதி எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது; அதற்குப் பெயர் சீனியாரிட்டி. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால் அந்தச் சேமிப்பு கரைந்துவிடும். அதனால்தான் விடுபட்டவர்களுக்கு அரசு அவ்வப்போது சலுகை அறிவிக்கும்போது அது செய்தித்தாளில் முதன்மைச் செய்தியாகிறது. உதவித்தொகைகூடக் காத்திருந்தவருக்குத்தான்: பதிந்து ஐந்தாண்டு கடந்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருந்தால், பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய்.

பிளேஸ்மென்ட் செல்லில் காத்திருப்பு கறை. படிப்பில் ஓராண்டு விடுபட்டிருந்தால் "இயர் கேப் ஏன்?" என்ற கேள்வி முதலில் வரும். "ஸ்டாண்டிங் ஆரியர்" ஒன்று இருந்தால் நுழைவே இல்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளநிலை எல்லாவற்றிலும் 60 விழுக்காடு என்பது பல நிறுவனங்கள் போடும் முதல் சல்லடை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஓராண்டு வீட்டில் இருந்து நடவும் அறுப்பும் பார்த்த ஒருவர், தஞ்சாவூர் அலுவலகத்தின் கணக்கில் ஓராண்டு மூத்தவர். கல்லூரி அறையின் கணக்கில் ஓராண்டு பின்தங்கியவர்.

தமிழ்வழிக் கல்வியிலும் இதே தலைகீழ் உண்டு. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாநில அரசுப் பணியில் நேரடியாக நிரப்பும் இடங்களில் 20 விழுக்காடு தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முன்னுரிமையாகச் சேரும். அரசு வேலைக்குப் போகும் பாதையில் தமிழ்வழிச் சான்றிதழ் ஒரு சொத்து. அதே மாணவர் கேம்பஸ் டிரைவில் குழு விவாதத்துக்கு உட்காரும்போது, பாடத்தில் தேறியும் பேச்சில் கழிக்கப்படுகிறார். ஒரு வாசல் கைகூப்பி வரவேற்கும் அதே தகுதியை இன்னொரு வாசல் குறையாகக் குறித்துக்கொள்கிறது.

சமூக நீதியின் கணக்கும் அப்படியே. வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பட்டியலில் இனச்சுழற்சி உண்டு. ஆதரவற்ற விதவை, மாற்றுத்திறனாளி, முன்னாள் படைவீரர், கலப்பு மணம் செய்தவர் என்று முன்னுரிமைகள் உண்டு. கல்லூரிக்கு வரும் தனியார் நிறுவனத்துக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. இதற்காகப் பின்னதை மட்டும் குறைசொல்வது முழு நியாயமாகாது. பழைய வரிசையில் எல்லோருக்கும் இடம் உண்டு, ஆனால் நகர்ச்சி இல்லை. புதிய வரிசை நகர்கிறது, ஆனால் எல்லோருக்கும் அதில் இடமில்லை.

இத்தனை முரணுக்கும் நடுவே ஓர் ஒற்றுமை வியக்க வைக்கிறது. இரண்டு மேசையிலும் முதலில் கேட்கப்படுவது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். ஒருவர் முனைவர் பட்டத்துக்கு ஐந்தாண்டு செலவிட்டிருக்கலாம். குறுவை நெல்லின் ஈரப்பதத்தையோ சோழர் கல்வெட்டின் எழுத்தமைதியையோ தமிழ்நாட்டில் தம்மைவிட நன்றாக அறிந்தவர் பத்துப் பேர்தான் என்ற நிலையை எட்டியிருக்கலாம். இரண்டு அலுவலகமும் அவருடைய பதினைந்து வயதைத்தான் முதலில் புரட்டிப் பார்க்கின்றன. ஒன்று பிறந்த தேதிக்காக. மற்றது 60 விழுக்காட்டுக்காக.

இடமாற்றம்

வேலை கைமாறிய கதை இனி.

1959-இல் வந்த காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம், பொதுத்துறையும் 25 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் தனியார் நிறுவனமும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அங்கிருந்து வரும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. தெரிவிக்கும் கடமை மட்டும் இருந்தது; சேர்க்கும் கடமை இல்லை. ஆனாலும் அரசுத் துறைகள் நெடுங்காலம் அந்தப் பட்டியலையே நம்பின. அஞ்சல்காரர் கொண்டுவரும் கால் லெட்டர் ஒரு குடும்பத்தின் தலைவிதியை மாற்றியது. 1996-இல் உச்ச நீதிமன்றம், அலுவலகம் அனுப்பும் பெயர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் நாளிதழிலும் விளம்பரம் செய்து மற்றவர்களையும் பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது. ஆசிரியர் நியமனத்தில் பதிவு மூப்புக்கு இருந்த இடத்தை 2012 முதல் தகுதித் தேர்வு எடுத்துக்கொண்டது. மூப்பின் செல்வாக்கு ஒவ்வொரு படியாக இறங்கியது. தேர்வின் செல்வாக்கு ஏறியது. 2022 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதுமான அந்தத் தேர்வை எழுதியவர்களில் முதுகலைக்காரர்களும் முனைவர்களும் உண்டு.

அனுப்பும் வேலை குறைந்தபோது அலுவலகம் என்ன செய்தது? கதவை மூடவில்லை, கரும்பலகை மாட்டியது. மாவட்டந்தோறும் தன்னார்வப் பயிலும் வட்டம் வந்தது. குரூப் 2, குரூப் 4, காவலர் தேர்வு, எஸ்.எஸ்.சி. என்று இலவச வகுப்பு, மாதிரித் தேர்வு, படிக்க நூல்கள். வெள்ளிக்கிழமைகளில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடக்கிறது. 2020-இல் தனியார் வேலைக்கென்றே மாநில இணையதளமும் தொடங்கியது. மத்திய அரசு 2015-இல் தேசியத் தொழில்நெறிச் சேவையை ஏற்படுத்தியது. பெயர்ப்பலகையின் பின்பாதியில் நீண்டகாலம் ஒட்டிக்கொண்டிருந்த "தொழில்நெறி வழிகாட்டும்" என்ற பகுதிக்குத்தான் இன்று அங்கே அதிக வேலை.

கல்லூரியின் பயணம் நேர் எதிர். ஒரு காலத்தில் அங்கே வழிகாட்டல் என்பது பேராசிரியரின் அறையில் நடந்த உரையாடல். மத்திய அரசுத் தேர்வு எழுதலாமா, பி.எட். போகலாமா, ஆய்வில் சேரலாமா என்ற பேச்சு வகுப்பு முடிந்த பிறகும் நீளும். இன்று அந்தப் பொறுப்பு பெருமளவு பிளேஸ்மென்ட் செல்லுக்குப் போய்விட்டது. அந்தச் செல்லின் முதன்மைப் பணி பட்டியல்: யார் தகுதி பெறுகிறார், யாருக்கு ஆஃபர் வந்துவிட்டது, ஆஃபர் வந்தவர் அடுத்த நிறுவனத்துக்கு உட்காரலாமா கூடாதா. பயிற்சி என்று நடப்பதும் கடைசி ஆண்டில் வெளியாட்களைக் கொண்டு நடத்தும் ஆப்டிட்யூட் வகுப்பாகவே பல இடங்களில் நின்றுவிடுகிறது. நாற்பதாண்டுக்கு முன்பு தஞ்சாவூர் அலுவலகத்தின் எழுத்தர் செய்த பணியை, தகுதி பார்த்துப் பெயர்களைப் பிரித்து அனுப்பும் அதே பணியை, இன்று பிளேஸ்மென்ட் அலுவலர் மடிக்கணினியில் செய்கிறார்.

வெளியே சொல்லும் கணக்கிலும் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரொலி. வேலைவாய்ப்புத் துறை காத்திருப்பவர்களை எண்ணி வெளியிடுகிறது; 2023 தொடக்கத்தில் மாநிலம் முழுவதும் அந்த எண்ணிக்கை 65 லட்சத்துக்கும் மேல். வயதுவாரியான அந்தப் பட்டியலில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஒரு வரி உண்டு. கல்லூரியோ போய்விட்டவர்களை எண்ணி வெளியிடுகிறது. எத்தனை விழுக்காடு, எவ்வளவு சம்பளம் என்று சேர்க்கைக் காலத்தில் சாலையோரப் பதாகைகளில் அது நிற்கும். ஒருவருக்கு எண் இறங்கினால் நிம்மதி. மற்றவருக்கு எண் ஏறினால் பெருமை. நடுவில் தேடுவதை நிறுத்திவிட்டவர்கள் இரண்டு கணக்கிலும் இல்லை.

கடைமடை

பூதலூர்க்காரருக்குத் தலைமடையும் கடைமடையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய், ஊர்ப்பேச்சில் புது ஆறு, பூதலூருக்குத் தொடக்கத்திலேயே தண்ணீர் காட்டிவிடுகிறது. பேராவூரணிப் பக்கத்து வயல்கள்தான் கடைசிவரை வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாசனத்தில் தலைமடையில் இருக்கும் ஊரின் பிள்ளை, எம்.ஏ.வும் எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் படிக்கப் படிக்க வேலைவாய்ப்பில் கடைமடைக்குத் தள்ளப்படுகிறார். இரண்டு அமைப்புமே இதில் ஒன்றுபடுகின்றன.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இளநிலைப் பட்டம்வரை மாவட்டத்திலேயே பதியலாம். முதுகலையும் தொழிற்படிப்பும் சென்னையிலும் மதுரையிலும் உள்ள மாநிலத் தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகங்களின் பொறுப்பு. படிப்பு உயர்ந்ததும் அலுவலகம் தூரம் போய்விடுகிறது. இணையவழிப் பதிவு வந்தபின் பயணம் குறைந்தது. தூரம் குறைந்ததாகச் சொல்ல முடியாது. மாதம் 600 ரூபாய் என்ற உதவித்தொகையும் பட்டதாரிக்கு என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் படித்த ஆண்டுகளுக்கு அந்த அட்டவணையில் தனி மதிப்பு இல்லை.

பிளேஸ்மென்ட் செல்லில் தூரம் வேறுவகை. நிறுவனங்கள் பி.இ., பி.டெக். மாணவர்களை மனத்தில் வைத்து வருகின்றன. எம்.எஸ்சி. வேதியியலும் எம்.ஏ. வரலாறும் "எந்தப் பட்டமும் போதும்" என்ற வரிசையில் சேர்க்கப்படுகின்றன; கிடைக்கும் ஆஃபரும் பல நேரம் இளநிலைப் பட்டத்துக்கே உரியது. ஆய்வு மாணவரின் நிலை இன்னும் விநோதம். பிளேஸ்மென்ட் காலம் ஆண்டின் பின்பாதியில் தொடங்கும். அடுத்த கோடையில் முடிக்கப்போகிறவர் பெயர் கொடுக்கலாம். எப்போது முடிப்பார் என்பது ஆய்வேட்டை எழுதுபவருக்கே தெரியாது. சமர்ப்பித்த பிறகும் மதிப்பீட்டாளர் அறிக்கை வர வேண்டும், வாய்மொழித் தேர்வு நடக்க வேண்டும். "ஃபைனல் இயரா?" என்ற கேள்விக்கு அவரால் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வேலைவாய்ப்பு அலுவலகமோ சான்றிதழ் கையில் வந்தபின்தான் பதியும். ஒன்று முன்கூட்டியே தேதி கேட்கிறது. மற்றது முடிந்த பின் காகிதம் கேட்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் ஆய்வு மாணவருக்கு ஆலோசனை தேவைப்படுகிறது.

அந்த ஆண்டுகளின் கணக்கைச் சற்றுப் பார்க்கலாம். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 தொடக்கத்திலிருந்து மாதம் 37,000 ரூபாய். அவரே முனைவராகி அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தால், உயர்த்தப்பட்ட பிறகும் மாதம் 25,000 ரூபாய். படிக்கும்போது வந்ததைவிடப் படித்து முடித்தபின் வருவது குறைவு. விதியும் கூடவே நகர்கிறது: உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமாகும் என்று சில ஆண்டுகள் சொல்லப்பட்டது; 2023 ஜூலையிலிருந்து நெட் அல்லது செட் போதும், முனைவர் பட்டம் விருப்பத்துக்குரியது என்றானது. முந்தைய அறிவிப்பை நம்பி ஆய்வில் சேர்ந்தவருக்கு இதை உட்கார்ந்து விளக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? தஞ்சாவூர் மையம் போட்டித் தேர்வுப் பாடத்திட்டத்தை அறியும். பிளேஸ்மென்ட் செல் நிறுவனங்களின் வருகைப் பட்டியலை அறியும். இந்தக் கேள்வி இரண்டு மேசைக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

தரவரிசைகூட இதை உறுதிசெய்கிறது. தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்., பொறியியல் கல்லூரியின் மாணவர் விளைவை மதிப்பிடும்போது, வேலை பெற்றவர்களையும் மேற்படிப்புக்குப் போனவர்களையும் இடைநிலைச் சம்பளத்தையும் கணக்கில் எடுக்கிறது. முனைவர்களைப் பொறுத்தவரை அது கேட்பது எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்பதை. பட்டம் பெற்றபின் அவர்கள் எங்கே போனார்கள் என்பதை அது கேட்பதில்லை. கேட்கப்படாத எண்ணை எந்த நிறுவனமும் சிரமப்பட்டுச் சேகரிக்காது.

வெளிநாட்டில் இந்த இடைவெளியைக் கவனித்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2002-இல் வந்த ராபர்ட்ஸ் அறிக்கை, ஆய்வு மாணவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம், எந்த வேலைக்கும் உதவும் திறன்களில் பயிற்சி தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 2012-இல் வந்த ஓர் இணையக் கருவி, அறிவியல் ஆய்வாளர் தம் திறனையும் விருப்பத்தையும் எழுதிப் பார்த்துப் பேராசிரியர் பணிக்கு வெளியே உள்ள பாதைகளையும் எடைபோட உதவியது. நம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளும் எல்லா ஆய்வு மாணவரும் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. வாரத்துக்கு 4 முதல் 6 மணிநேரம் வகுப்பு, ஆய்வகப் பணி தரலாம் என்கின்றன. நல்ல விதிதான். ஆனால் முனைவர் என்றால் ஆசிரியர் என்ற அனுமானத்தின் மேல்தான் அதுவும் நிற்கிறது.

அருகில் இருக்கும் சந்தை

இரண்டு அலுவலகத்துக்கும் பொதுவான இன்னொரு பண்பு, தொலைவைப் பார்க்கும் பழக்கம். ஒன்று சென்னைக் கோட்டையைப் பார்க்கிறது. மற்றது சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையையும் பெங்களூருவையும் பார்க்கிறது. காலடியில் இருக்கும் வேலை இரண்டு பார்வையிலிருந்தும் தப்பிவிடுகிறது.

டெல்டாவை எடுத்துக்கொள்வோம். 2020-இல் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டையின் சில பகுதிகளும் சட்டத்தின் மூலம் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் ஆயின. திருச்சி அதில் சேரவில்லை. பூதலூர் அந்த மண்டலத்துக்கு உள்ளே, துவாக்குடி வெளியே. கனரகத் தொழில் அந்தப் பக்கம் என்றால், இந்தப் பக்கத்தின் அறிவுத்தொழில் பெரும்பாலும் நெல்லைச் சுற்றித்தான் அமையும். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதுவதால் நனையும் நெல்லை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான், 1967-இல் திருவாரூரில் தொடங்கிய நெல் பதன ஆய்வு, இன்று தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் இருக்கிறது. 1981-இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் கல்வெட்டும் சுவடியும் படிக்கக் கற்றுத்தருகிறது. கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரப்பதம் என்ற வரம்பு ஒவ்வொரு பருவத்திலும் தகராறாகிறது. அதை அளக்கவும் குறைக்கவும் தெரிந்த முதுகலைக்காரருக்கு அரிசி ஆலையிலும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலும் விதை நிறுவனத்திலும் பணி உண்டு. 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் மினி டைடல் பூங்காவும் திறந்தது.

இந்த வேலைகள் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்கப்படுவது அரிது. ஆலையில் ஆள் எடுப்பது தெரிந்தவர் மூலம். பிளேஸ்மென்ட் செல்லுக்கும் இவை வருவதில்லை. ஒரே ஓர் ஆள் வேண்டும் என்பவர் கல்லூரிக்கு டிரைவ் நடத்த வரமாட்டார். பழைய அமைப்புக்குக் காலியிடத்தைக் கேட்டறியும் சட்ட உரிமை இருந்தது, தேடிப் போகும் வழக்கம் இருக்கவில்லை. புதிய அமைப்புக்குத் தேடிப் போகும் வழக்கம் இருக்கிறது, கூட்டமாக ஆள் எடுப்பவரை மட்டுமே தேடுகிறது.

உண்மையில் பாடம் நடத்துபவர்

இரண்டுக்கும் இடையே மிக நெருங்கிய உறவை அவற்றின் விதிப்புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் கிடைக்கும். பயிலும் வட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு உண்மையான வழிகாட்டி, சென்ற முறை இரண்டு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டவர். எந்தப் பாடத்தை எப்போது தொடங்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது அவருக்குத்தான் தெரியும். கல்லூரியிலும் அப்படியே: எச்.ஆர். சுற்றில் என்ன கேட்டார்கள் என்பதைச் சொல்வது போன ஆண்டு பிளேஸ் ஆன சீனியர்தான். அரசின் வட்டமும் தனியாரின் செல்லும், சற்று முன்னால் கரையேறியவரின் குரலை நம்பித்தான் நடக்கின்றன.

ஆய்வு மாணவருக்கு இல்லாதது இந்தக் குரல்தான். ஒரு துறையில் ஆண்டுக்கு ஓரிருவர் முடிக்கிறார்கள். முடித்தவர் எங்கே போனார் என்பது நெறியாளருக்கு நினைவிருக்கலாம், துறையின் ஏட்டில் இருக்காது. கல்லூரிப் பணி கிடைத்தவரின் பெயர் விழா மேடையில் ஒலிக்கும். ஆலையின் தரக் கட்டுப்பாட்டுக்கோ பதிப்பகத்துக்கோ போனவர் தோற்றவராகக் கருதப்பட்டு, பேச்சிலிருந்து நழுவிவிடுவார். அடுத்து வருபவருக்கு மிகவும் பயன்படக்கூடிய அனுபவம் அவருடையதுதான்.

ஒன்றிடமிருந்து மற்றொன்று

ஒப்பீட்டின் முடிவில் வெற்றி தோல்வி சொல்ல வேண்டியதில்லை. கடன் வாங்க வேண்டியவற்றைச் சொல்லலாம். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் அரிய குணம், அதன் கதவு யாருக்கும் எந்த வயதிலும் திறந்திருப்பது. பட்டமளிப்பு முடிந்ததும் மாணவரைக் கைகழுவும் பிளேஸ்மென்ட் செல் அதை எடுத்துக்கொள்ளலாம். முடிக்கும் தேதி தெரியாத ஆய்வு மாணவருக்கு அது ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். பிளேஸ்மென்ட் செல்லின் அரிய குணம் வேலை தருபவரைத் தேடிப் போவது. வெள்ளிக்கிழமை முகாமில் அந்தத் தேடல் தொடங்கியிருக்கிறது. அதைத் திருக்காட்டுப்பள்ளி அரிசி ஆலை வரை நீட்டலாம்.

மாநில அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இந்த இரண்டு மரபையும் ஒரே கூரைக்குள் கொண்டுவரும் முயற்சி. அதன் ஒரு கை கல்லூரிக்குள் திறன் வகுப்பு நடத்துகிறது. இன்னொரு கை குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் ஆயிரம் பேருக்குப் பத்து மாதம், மாதம் 7,500 ரூபாய் தருகிறது. காத்திருந்ததற்காக 600 ரூபாய் கொடுத்த அதே அரசு, படிப்பதற்காக 7,500 கொடுப்பது பெரிய மாற்றம். ஆய்வு மாணவரின் கேள்விக்கு மட்டும் அதிலும் இன்னும் நாற்காலி போடப்படவில்லை.

போட வேண்டிய நாற்காலிக்குப் பெரிய செலவில்லை. தமிழ்ப் பல்கலைக்கழகமோ பாரதிதாசனோ சாஸ்த்ராவோ என்.ஐ.டி.யோ, துறைதோறும் கடந்த பத்தாண்டில் முனைவரானவர்கள் இன்று என்ன வேலை செய்கிறார்கள் என்று ஓர் ஏடு எழுதினால் போதும்: பெயர் வேண்டாம், ஆய்வுத் தலைப்பு, முதல் வேலை, இப்போதைய வேலை, எத்தனை மாதம் தேடினார். அரசு அலுவலகத்தின் பேரேட்டுப் பழக்கமும் கல்லூரியின் கணக்குக் காட்டும் ஆர்வமும் சேர்ந்தால் அது முடியும்.

அந்த ஏடு வரும்வரை பூதலூர் மாணவர் இரண்டு பக்கமும் போக வேண்டியதுதான், ஆனால் வேறு எதிர்பார்ப்போடு. தஞ்சாவூரில் பதிவைப் போட்டுவிட்டுக் கால் லெட்டருக்குக் காத்திராமல், பயிலும் வட்டத்தின் பெஞ்சில் போய் உட்காரலாம். அங்கே இன்று கிடைப்பது பாடம். பிளேஸ்மென்ட் செல்லுக்குக் கடைசி ஆண்டில் ரெஸ்யூமேயோடு ஓடாமல், முதல் பருவத்திலேயே போய், நம் துறைக்காரர் யாரை எந்த நிறுவனம் எடுத்தது என்று கேட்கலாம். அங்கே இன்று இருப்பது பட்டியல். ஆய்வில் சேரும் முன் நெறியாளரிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு: "ஐயா, உங்ககிட்ட முடிச்ச கடைசி அஞ்சு பேரும் இப்ப எங்க இருக்காங்க?" பதில் தயங்காமல் வந்தால், இரண்டு அலுவலகமும் தராத ஆலோசனை அந்த அறையில் கிடைக்கும் என்று நம்பிச் சேரலாம்.